ஐந்து மணி அக்காவின் பதிவேடு

வானிலை நிலையத்தில் அவளுக்கு அஞ்சு மணி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக மாலை ஐந்து மணிக்குப் பலூன் விடுகிறவள் அவள். கொட்டகைக்குள் உருளையிலிருந்து வாயுவை ஏற்றி, வாயை நூலால் கட்டி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வெளியே வந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கையை விடுவாள். பிறகு முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்து, பலூன் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கோணம் படித்து எழுதுவாள். அதிலிருந்து மேல்காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்குப் போட்டு, எட்டு மணிக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கேட்பதற்குச் சுலபமான வேலை. கழுத்து வலி வந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

எதிர்க் கடைக்காரர் அவள் பலூனைப் பார்த்துத்தான் தன் கடிகாரத்தைத் திருத்துவார். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, இருபத்திரண்டு வருடம் நேரம் தவறாதவள் கர்வப்படாமல் வேறு யார் படுவது?

பதிவேட்டில் நேரத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, வாரம் முழுவதற்கும் அந்தக் கட்டத்தில் ஐந்து மணி என்று எழுதி வைத்துவிடுவது அந்த நிலையத்தின் வழக்கம். யார் ஆரம்பித்து வைத்த புண்ணியம் என்று தெரியாது. தாமதமானால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு அந்த அவசியம் வந்ததே இல்லை, ஒரு வியாழக்கிழமை தவிர.

அந்த வாரம் கூட வேலை பார்ப்பவர் விடுப்பில் போய்விட்டார். மூன்றாவது நாளாக இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்த்தவள், நான்கு மணிக்கு நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். கண் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. மணி ஆறு இருபது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இருட்டில் பலூன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரவில் விடும் பலூனின் நூலில் மட்டும் ஒரு சின்ன பேட்டரி விளக்கைத் தொங்கவிடுவார்கள். அவளும் ஒரு விளக்கைக் கட்டி, ஆறு நாற்பதுக்குப் பலூனை விட்டாள். கோணங்களை ஒழுங்காகப் படித்தாள், கணக்கை ஒழுங்காகப் போட்டாள், எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பியும்விட்டாள்.

ஐந்து மணி என்று எழுதியிருந்த கட்டத்தை மட்டும் திருத்தவில்லை. எதிர்க் கடையும் அன்று பூட்டியிருந்தது, பலூன் பிந்தியதைப் பார்க்க ஆள் இல்லை. போன வருடம்தான் வேலை நேரத்தில் தூங்கிய ஒருவரை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காற்றைப் பற்றி நான் பொய் எழுதவில்லை, நேரம்தான் தப்பு, அதுவும் திங்கட்கிழமை எழுதியது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முன்கூட்டியே எழுதி வைத்த பொய்யில் இது ஒரு வசதி. சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். விளக்குகளின் இருப்புக் கணக்கில் ஒன்று குறைந்ததற்கு, எரியவில்லை, கழிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதினாள். அது மட்டும் புதிதாக எழுதிய பொய்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பத்தொன்பது வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அந்த வியாழக்கிழமை ஆறு ஐம்பதுக்கு, நிலையத்துக்குப் பின்னால் மேட்டைச் சுற்றிப் போகும் சாலையில் அவர் பேருந்து வந்துகொண்டிருந்தது. மேட்டுக்கு மேலே ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டே எழுந்து, சாலைக்கு நேராக வந்தது. ஏதோ விமானம் தீப்பிடித்து இறங்குகிறது என்று நினைத்தவர், பிரேக்கை மிதித்து, விளக்குகளை அணைத்து, இருபத்தாறு பயணிகளையும் இறக்கிப் பள்ளத்துப் பக்கம் ஓடச் சொன்னார். வெளிச்சம் எவர் தலையிலும் விழவில்லை. நிதானமாக ஏறி, சின்னதாகி, மேகத்துக்குள் போய்விட்டது. இறங்கிய அவசரத்தில் ஒரு அம்மாளுக்குக் கணுக்கால் பிசகியதுதான் மிச்சம்.

மறுநாள் காலை அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பதினோரு நிமிடம் நடுச்சாலையில் பேருந்தை நிறுத்தியது, பயணிக்குக் காயம், ஓட்டுநரின் கண்ணோ மனசோ சரியில்லை என்ற சந்தேகம். ஊர் அதற்குள் அவருக்குத் தட்டு டிரைவர் என்று பெயர் வைத்துவிட்டது. "பறக்கும் தட்டா, சாப்பிட்ட தட்டா, நல்லா பார்த்தீங்களாண்ணே?" என்று பணிமனையிலேயே கேட்டார்கள்.

அன்று மத்தியானம் அவர் நடந்ததையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேட்டைச் சொன்னபோதே இவளுக்குப் புரிந்துவிட்டது. திசை, நேரம், ஏறிய விதம், எல்லாம் அவள் கைப்பட எழுதிய கோணங்கள்.

நாத்தனார்தான் முதலில் கேட்டாள். "அண்ணே, அது அண்ணியோட பலூனா இருக்குமோ?"

அவர் சிரித்தார். "போடி இவளே. நான் அதை யோசிக்காம இருப்பேனா? உங்க அண்ணி பலூன் அஞ்சு மணிக்குப் போயிடும். சூரியன் தப்பினாலும் அது தப்பாது. நான் பார்த்தது கிட்டத்தட்ட ஏழு மணிக்கு. அதனாலதான் பயந்தேன். இல்லைன்னா பலூன்னு நினைச்சு நான் பாட்டுக்குப் போயிருப்பேனே."

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க ஒரு வினாடி போதும். ஆனால் அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தாள், நாத்தனாரின் வாயையும் நினைத்தாள். மென்று விழுங்கிவிட்டாள். "ஆமாங்க" என்று மட்டும் சொன்னாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

விசாரணை அதிகாரி கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. ஒரு மாத அவகாசம் கொடுத்தார். "பறக்கும் தட்டை நம்புற ஆளுங்க எழுதின எதையும் எங்கிட்ட கொண்டு வராதீங்க, கிழிச்சுப் போட்டுடுவேன். நம்பாத ஆள் ஒருத்தர், விவரம் தெரிஞ்சவர், விசாரிச்சு எழுதிக் கொடுக்கட்டும். அங்க நிஜமாவே ஏதோ ஒண்ணு பறந்துச்சுன்னு அவர் சொன்னா, நீங்க செஞ்சது முன்ஜாக்கிரதை. இல்லைன்னா ஸ்டியரிங்கை மறந்துடுங்க."

வீட்டுக்கு வந்த கணவர் அவளிடம் சொன்னார்: "வானத்தைப் பத்தி உனக்குத்தான் தெரியும். நீயே தேடிக் கண்டுபிடி."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அவளை அந்த வேலைக்கு வீட்டுக்காரரே அனுப்பி வைத்தார்.

நூலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து தேடினாள். முதல் நாள் அகப்பட்டதெல்லாம் குப்பை. அரசாங்கம் மறைக்கும் ரகசியம், அதிர்ச்சித் தகவல், கடைசி வரை பாருங்கள். இரண்டாம் நாள் அவளுக்கு ஒரு பிடி கிடைத்தது. தன் பதிவேட்டை எப்படிப் பார்ப்பாளோ அப்படியே இவற்றையும் பார்த்தாள். நாள் இருக்கிறதா, நேரம் இருக்கிறதா, எந்தத் திசை என்று இருக்கிறதா, யார் அளந்தார் என்று இருக்கிறதா? நட்சத்திர அட்டவணையையும் விமான நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களா? முன்பு தப்பாகச் சொன்னதைப் பிறகு ஒத்துக்கொண்டிருக்கிறார்களா? இந்தக் கேள்விகளைப் போட்டதும் நூற்றில் தொண்ணூற்றைந்து கழன்று விழுந்தன. நம்பாத கூட்டத்திலும் சில பேர் விழுந்தார்கள். விசாரிக்காமலே குடிகாரன் உளறல் என்று எழுதுகிறவனும், விசாரிக்காமலே வேற்றுக் கிரகம் என்று எழுதுகிறவனும் அவளுக்கு ஒன்றாகத்தான் பட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை என்று ஒரு இடத்திலாவது எழுதியிருந்தவர்களைத்தான் அவள் குறித்துக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது என்ன தெரியுமா? கணவரைக் காப்பாற்றும் அளவுக்குக் கெட்டிக்காரராக ஒருவர், தன்னைக் கண்டுபிடிக்காத அளவுக்கு மக்காகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு பிறவி எங்கே கிடைக்கும்? மக்கு ஒருவரை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு தரம் நினைத்தாள். கை வரவில்லை. இருபத்திரண்டு வருடம் சரியாக அளந்த புத்தி, நல்லதைப் பார்த்தால் நல்லது என்றுதான் சொல்லும். கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது பக்கத்து நகரத்தில் இருந்த ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியாரை. ஐயப்படுவோர் சங்கம் என்று ஒன்று வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு இதழ் நடத்தி வந்தார். முப்பது வருடத்தில் இருநூறு வெளிச்சங்களை விசாரித்தவர். பதினாலு இன்னும் தெரியவில்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்.

கடிதம் எழுதிய பத்தாம் நாள், தோளில் ஒரு பையோடு அவரே வந்துவிட்டார். முதலில் பேருந்தில் வந்தவர்களில் ஒன்பது பேரைப் பார்த்தார். ஏறியது என்றவர் நான்கு பேர், அசையவே இல்லை என்றவர் மூன்று பேர், நான் பள்ளத்தைத்தான் பார்த்தேன் என்றவர் இரண்டு பேர். பிறகு நேராக வானிலை நிலையத்துக்கு வந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார்," என்றாள் அவள். "அந்த டிரைவர் என் வீட்டுக்காரர்."

"தெரியும்மா. நீங்க சொல்றீங்களான்னுதான் பார்த்தேன்." அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மேட்டுக்கு மேல வெளிச்சம்னா முதல்ல உங்க பலூனைத்தான் சந்தேகப்படணும். பதிவேட்டைப் பார்க்கலாமா?"

எடுத்துக் கொடுத்தாள். அவர் அந்த வாரத்தை மட்டும் பார்க்கவில்லை. மூன்று வருடத்துப் பக்கங்களைப் புரட்டினார். விளக்கு இருப்பைக்கூடப் பார்த்தார். கழிக்கப்பட்டது என்ற வரியில் அவர் விரல் நின்றது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நகர்ந்தது.

"அஞ்சு மணிக்குத்தானே விட்டீங்க?"

"அஞ்சு மணிக்குத்தான் சார்."

"நான் ஏன் உங்களை நம்பறேன் தெரியுமா? பலூன் ஏழு மணிக்குப் பறந்துச்சுன்னு எழுதியிருந்தா உங்க வீட்டுக்காரர் தப்பிச்சிடுவார். அவருக்கு எதிரா நீங்க ஏம்மா பொய் எழுதப் போறீங்க? இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமான பதிவேட்டை நான் பார்த்ததே இல்லை." அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் கேட்டார். உண்மை நகல் என்று எழுதி அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள். அதற்குப் பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று தினமும் யோசித்தாள். தூங்கியது ஒன்று, விளக்குக் கணக்கு ஒன்று, பொய்யாகக் கொடுத்த உண்மை நகல் ஒன்று. அவளை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். கணவருக்கும் வேலை இல்லை என்றால் மகளின் படிப்பு நின்றுவிடும். சொல்லாவிட்டால் அவர் கதி அதோ கதி. இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்புக்காவது கீழே குதிக்கலாம் என்று தோன்றும். தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்தால் பலூனுக்குப் பதில் அவர் முகம் தெரிந்தது. மூன்று நாள் கோணத்தைத் தப்பாகப் படித்து, மறுபடியும் படித்தாள்.

வாத்தியாரின் அறிக்கை வந்தது. நான்கு பக்கம், வெகு நிதானமான எழுத்து. அந்த நேரத்தில் விமானம் எதுவும் இல்லை. பலூன் ஐந்து மணிக்கே, விளக்கில்லாமல் போய்விட்டது. பதிவேடு மிகவும் நம்பகமானது. மேற்கே வெள்ளி கிரகம் பளிச்சென்று இருந்த மாலை அது. வளைந்து போகும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு அது நகர்வது போலவும் எதிரே வருவது போலவும் தோன்றும். ஓட்டுநர் பார்த்தது பெரும்பாலும் அதுவே.

கணவர் அதை மூன்று தரம் படித்தார். "வெள்ளியைப் பார்த்து பஸ்ஸை நிறுத்தினவன்கிட்ட எவன் சாவியைக் கொடுப்பான்?" என்றார். கோபம்கூட இல்லை.

அவள் நூலகத்திலிருந்து கொண்டு வந்த புத்தகங்களும் வாத்தியாரின் பழைய இதழ்களும் வீட்டிலேயே கிடந்தன. வேலையில்லாத மனிதர் என்ன செய்வார்? படித்தார். சாவகாசமாக, பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். சாயங்காலமானால் மாடிக்குப் போனார். நான்கு நாள் வெள்ளியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"இது ஏறவே மாட்டேங்குது," என்றார் சாப்பிடும்போது. "இறங்கத்தான் செய்யுது. நான் பார்த்தது ஏறுச்சு."

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். தட்டு நிரம்பி வழிந்தது.

"புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்கான். எதையும் முடிவு பண்றதுக்கு முன்னாடி, கேட்காம விட்ட கேள்வி ஏதாவது இருக்கான்னு பாருன்னு. இருக்கறதுலேயே ரொம்ப நம்பறோமே, அதைத்தான் கேட்காம விட்டிருப்போமாம்." அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "அன்னைக்கு நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தே?"

வழக்கமாக அவள் ஏழு மணிக்கு வந்துவிடுவாள். அன்று எட்டரை. அவர் பணிமனையில் சிக்கிக்கொண்டு அவளுக்குப் பிறகுதான் வந்தார். ஆனால் மகள் இருந்தாளே, அவளைக் கேட்டிருப்பார்.

"லேட்டாயிடுச்சுங்க," என்றாள்.

"ம்." அவர் எழுந்து கை கழுவினார். துடைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் முதுகைக் காட்டி நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும்."

"நாளன்னைக்கு விசாரணை. முடியட்டும், பேசிக்கலாம்."

"இல்லைங்க, இப்பவே..."

"பேசிக்கலாம்னு சொன்னேன்ல." அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

விசாரணைக்கு அவளையும் வரச் சொல்லி ஆணை வந்திருந்தது, மூலப் பதிவேட்டோடு. அவள் முடிவு செய்துவிட்டாள். போகும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தாள். ஐயா, அன்னைக்குப் பலூன் விட்டது ஆறு நாற்பதுக்கு. ஐயா, ஆறு நாற்பதுக்கு. வேலை போனால் போகட்டும், இனி ஒரு நாள்கூட இதைச் சுமக்க முடியாது என்று இருந்தது.

அறையில் ஒரு நீள மேசை. அதிகாரி, தட்டச்சு செய்ய ஒருவர், சுவரோரம் இரண்டு நாற்காலி. அவள் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதிகாரி முதலில் கணவரை எழுந்து நிற்கச் சொன்னார்.

"அறிக்கையைப் படிச்சீங்களா? ஏதாவது சொல்லணுமா?"

"படிச்சேன் சார். வாத்தியார் சொல்றதுதான் சரி."

"அது ஏறிச்சுன்னு முதல்ல எழுதிக் கொடுத்திருக்கீங்களே?"

"ஏறலை சார். பஸ் திரும்பினதுல அப்படித் தெரிஞ்சிருக்கு. நான் பார்த்தது வெள்ளியைத்தான். என் தப்பு."

அவள் எழுந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை, கால் தானாக எழுந்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "இருங்கம்மா, இவர் கையெழுத்துப் போடட்டும்." தட்டச்சு செய்தவர் தாளை உருவி நீட்டினார். கணவர் குனிந்து, நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

"இப்ப நீங்க சொல்லுங்க. இந்தப் பதிவேடு சரிதானே?"

மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கில் இருந்தது. ஆனால் இப்போது அதைச் சொன்னால் பொய் வாக்குமூலம் கொடுத்தவர் அவர் ஆகிவிடுவார். வேலையிலிருந்து அவளை மட்டும் அனுப்ப மாட்டார்கள், அவரையும் சேர்த்து அனுப்புவார்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் வரை திறந்திருந்த கதவை அவர் கையெழுத்துப் போட்டுச் சாத்திவிட்டார். வேண்டுமென்றே சாத்தினார். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து பின்னால் வந்து திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான் சார்," என்றாள்.

அவரிடமிருந்து ஓட்டுநர் வேலையை எடுத்துவிட்டார்கள். பேருந்தில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடை, பை, டிபன் டப்பா இவற்றை வாங்கி வைக்கும் அறையில் உட்காரச் சொன்னார்கள். அதற்கே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். படியில் இறங்கும்போது அவள் பதிவேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க? நான் சொல்லத்தானே வந்தேன்."

"தெரியும். அதனாலதான் முந்திக்கிட்டேன்."

"என்னைத் திட்டவாவது திட்டுங்களேன்."

அவர் அவள் கையிலிருந்த பதிவேட்டை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "என்னைத்தான் ஊரே பைத்தியம்னு முடிவு பண்ணிடுச்சு. நம்ம வீட்ல ஒருத்தர் சொல்றதையாவது ஊர் நம்பட்டும்," என்றார். "நட. மணி நாலாகுது, உனக்கு நேரமாச்சு."